ஒரு குரல் குடுங்க

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே குடியிருப்பவளுக்கு ‘ஆச்சா அக்கா’ என்று பேர் வைத்தது நான்தான். அவளுக்கும் அது தெரியும். மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் நின்று நலம் விசாரிக்க மாட்டாள். சாப்டாச்சா, குளிச்சாச்சா, துணி காயப் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே நம்மைத் தாண்டிப் போய்விடுவாள். பதில் சொல்ல வேண்டுமென்றால் நாமும் கூடவே படியிறங்கி ஓட வேண்டும். நான் ஓடியதில்லை. தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே, “ஆச்சு, ஆச்சு, நீ கிளம்பு” என்று கத்துவேன்.

அவள் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டு, ஒரு மைக், ஒரு விசில், ஒரு நாற்காலி. நாற்காலியில் அவள் கைப்பை உட்கார்ந்திருக்கும், அவள் நின்றுகொண்டிருப்பாள். “ஓரமா நிக்கிற வண்டி, எடுங்க எடுங்க, பின்னாடி நிக்கிறவர் என்ன பாவம் பண்ணாரு” என்று மைக்கில் அவள் விரட்டுவது வெளியே பழக்கடை வரைக்கும் கேட்கும். அவள் பணியில் இருக்கிற நாட்களில் அங்கே எந்த ஓட்டுநரும் டீயை ஆற வைத்துக் குடித்ததில்லை. நாக்கு வெந்தபடியே வண்டியில் ஏறிப் போவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடுவது நின்றுகொண்டு, டிவி பார்ப்பது நின்றுகொண்டு. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அறைக்கு அறை போய்க்கொண்டிருப்பாள். அந்தக் காலடிச் சத்தம் என் தலைக்கு மேலேயே கேட்பதால் அவள் எப்போது எங்கே நிற்கிறாள் என்று நான் சொல்லிவிடுவேன். ஏன் இப்படி என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் கிடையாது. அம்மாவைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன வழியிலேயே, வண்டியிலேயே பிறந்தவளாம். “ஆஸ்பத்திரி வரைக்கும் எனக்குப் பொறுக்க முடியல” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர்தான் பல்லு மாமா. பல்செட் செய்பவர். கடைத்தெருவின் பின்சந்தில் ஒரு அறை. மேசை முழுக்க பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், மெழுகு, சின்னச் சின்ன அரங்கள். இழுப்பறையில் பற்கள் நிறவாரியாகக் கிடக்கும். பால் வெள்ளை, பழுப்பு, டீக்கறை நிறம் என்று வயசுக்கும் பழக்கத்துக்கும் தக்கபடி. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் சிரிப்பது அவர் புண்ணியத்தில்தான்.

என் முன்பல் இரண்டும்கூட அவர் கைவேலை. படியில் விழுந்து பல்லைத் தொலைத்துவிட்டுப் போய் நின்றபோது, அளவெடுத்துவிட்டு, “சும்மா ஏதாவது பேசிட்டு இரும்மா, உதடு எப்படி அசையுதுன்னு பாக்கணும்” என்றார். என்னிடம் அப்படிச் சொல்லலாமா? பாவம், மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் அவரே கையெடுத்துக் கும்பிட்டு, “போதும், பாத்துட்டேன்” என்றார். வேலையும் நிதானம், பேச்சும் நிதானம். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, அப்புறம் முடிப்பார். குரல் மட்டும் கனமானது. நல்ல ஆழமான, வெதுவெதுப்பான குரல். பல் பிடுங்கப் பயப்படுகிறவர்களை இந்தக் குரலைக் கேட்கவைத்தே வழிக்குக் கொண்டுவரலாம் என்று பக்கத்துப் பல் டாக்டர் சொல்லுவாராம்.

இவர் தினமும் பேருந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள், மூச்சு வாங்க நடந்துவருகிற இவருக்காக ஒரு வண்டியைப் பிடித்து நிறுத்தி வைத்தாள். அவள் வேலையில் தாமதமாக அனுப்பிய ஒரே வண்டி அதுதான் என்று மாமா சொல்லுவார். மற்றதெல்லாம் அவள் வேகத்தில் நடந்தது. கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைத்தவள் நான். முதல் நாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுநாளே ஆச்சா என்றாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள் என்று காலம் ஓடியது, அதாவது அவள் ஓடினாள், அவர் பின்னால் நடந்து வந்தார்.

போன வருஷக் கடைசியில் மாமாவின் குரல் கம்மத் தொடங்கியது. பிளாஸ்டர் தூசி என்று நினைத்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். தூசி இல்லை, கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, குரல் போய்விடும். அப்புறம் பயிற்சி, கருவி என்று என்னென்னவோ வழி உண்டாம். இருக்கட்டும். ஆனால் அதெல்லாம் இந்தக் குரல் இல்லை. திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

அக்கா அழவில்லை. ஏற்பாட்டில் இறங்கினாள். ஆஸ்பத்திரியில் கட்டில் சொல்லியாச்சு, லீவு போட்டாச்சு, ரத்தம் கொடுக்க ஆள் பிடிச்சாச்சு. எழுதிக் காட்டுவதற்கு ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கி, கயிறு கட்டி, அவர் கழுத்தில் மாட்டியும் விட்டாள். “தொண்டையை ரொம்ப அலட்டிக்க வேண்டாம்” என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னதை இவள் சட்டமாக்கிவிட்டாள். அவர் வாயைத் திறந்தாலே, “பேசாதீங்க, எழுதுங்க” என்பாள். கைப்பேசியையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லையே நான். படியில் மறித்துக் கேட்டேன். “ஏன்க்கா, திங்கட்கிழமை எடுத்துடப் போற குரலை இப்ப எதுக்குப் பூட்டி வெக்கிற?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். அப்புறம் கொடியைப் பார்த்து, “துணி காஞ்சாச்சா?” என்றபடி மேலே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே மாமா இறங்கி வந்தார். பலகையைக் கழற்றி என் கத்தரிக்கோல் பக்கத்தில் வைத்துவிட்டு, கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார். “அவகிட்ட கொஞ்சம் பேசணும்மா. பெருசா ஒண்ணுமில்ல. வாயால பேசணும். உக்கார மாட்டேங்கிறா.”

“நான் சொல்றேன் மாமா.”

“நீ சொன்னா இன்னும் வேகமா ஓடுவா” என்று சிரித்தார். அது உண்மைதான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் கோயில் பயணம் வந்தது. வருஷா வருஷம் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து ஒரு கோயிலுக்குப் போவோம். வண்டி பிடிப்பது, ஓட்டுநரை மிரட்டுவது எல்லாம் அக்காதான். இந்தத் தடவை மாமாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமென்று முன்கூட்டியே, திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையே வைத்துவிட்டாள். சிற்பங்களுக்குப் பேர்போன ரொம்பப் பழைய கோயில். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

வண்டி கிளம்பும் முன் ஆட்களைச் சரிபார்க்க அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். தலையை எண்ணமாட்டாள், அது நேரம் பிடிக்கும். ஓட்டுநர் பக்கத்தில் நின்றுகொண்டு வீடு வீடாகக் கேட்பாள். “கீழ்வீடு ஆச்சா?” கீழ்வீட்டில் ஒருத்தர், “ஆச்சு.” “எதிர்வீடு ஆச்சா?” “ஆச்சு.” “மூலைவீடு?” “ஆச்சு, ஆச்சு.” விசில். வண்டி நகர்ந்துவிடும். அந்தந்த வீட்டை அந்தந்த வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு குழந்தை, ஒரு செருப்புக்கூடத் தவறியதில்லை.

வழியெல்லாம் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடந்து ரொட்டி கொடுத்தாள், பழம் கொடுத்தாள், சன்னலை மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள். பார்த்துப் பார்த்து எனக்கே கால் குடைந்தது. மாமா கடைசி இருக்கையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். நடுவில் ஒரு தடவை அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார். “இருங்க, அந்த அம்மாவுக்கு வாந்தி வருதாம்” என்று கையை உருவிக்கொண்டு போனாள். அந்த அம்மாவுக்கு ஒரு வாந்தியும் வரவில்லை. எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தானே.

கோயில் என்றால் அது கோயில். உள்ளே நுழைந்ததும் வெயில் கழன்று விழுந்த மாதிரி குளிர்ந்தது. முதலில் சன்னதி. அக்கா கண்ணை மூடி நின்ற நேரத்தைப் பார்த்தால் சாமியிடமும் ஆச்சா என்றுதான் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. ஆனால் திரும்பும்போது அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பிறகு மண்டபம். வரிசை வரிசையாகத் தூண்கள், தூணுக்குத் தூண் ஆட்கள். குதிரைமேல் வீரன், கண்ணாடி பார்க்கிற பெண், முள் எடுக்கிறவள், தோளில் கிளியோடு ஒருத்தி, பின்னல் அவிழ்ந்து ஓடுகிற ஒருத்தி. வழிகாட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். நான் புடவைகளைத்தான் பார்த்தேன். இடுப்பில் கொசுவம் விரிகிற அழகைக் கல்லில் அப்படியே கொண்டுவந்திருக்கிறான் பாவி. எந்த ஊரில் எந்தத் தையல்காரி செய்வாள் இதை.

மாமா என் தோளைத் தட்டிக் கூட்டிப்போனார். மண்டபத்தின் கோடியில், வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒரு தூண். அதில் ஒரு கச்சேரிக் கூட்டம். ஒருவன் மத்தளம், ஒருத்தி தாளம், நடுவில் ஒருவன் காதுக்கு ஒரு கையைக் கொடுத்து, தலையைச் சாய்த்து, வாயை முழுக்கத் திறந்து பாடிக்கொண்டிருந்தான். உள்ளே பல் வரிசைகூடத் தெரிந்தது. பலகையை மாமா வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து சொன்னார். “கோயில் முழுக்கத் தேடிட்டேன். எல்லாரும் வாயை மூடிட்டுதான் சிரிக்கிறாங்க. வாயைத் தொறந்தவன் இவன் ஒருத்தன்தான். கீழ்வரிசைல ஒரு பல்லு ஜாஸ்தி.”

நான் சிரித்த சத்தத்தில் அக்கா வந்துவிட்டாள். “பாத்தாச்சா? பேசுனீங்களா? பேசாதீங்கன்னா கேக்கமாட்டீங்களா? கிளம்புங்க எல்லாரும், வெயில் எறங்குது.” சொல்லிக்கொண்டே அடுத்த கும்பலை விரட்டப் போய்விட்டாள். நானும் அவள் பின்னால் போனேன். மாமா வருவார் என்றுதான் நினைத்தேன்.

வண்டியில் வழக்கம்போல நடந்தது. கீழ்வீடு ஆச்சா, ஆச்சு. எதிர்வீடு ஆச்சா, ஆச்சு. எல்லா வீடும் ஆச்சு. விசில் அடித்தாள். நடந்த அலுப்பில் ஏறியவுடனே பாதி வண்டி தூங்கிவிட்டது. ஊர் தாண்டி, பெரிய சாலையில் வண்டி வேகம் எடுத்த பிறகு, மாமாவுக்கு வெந்நீர் கொடுக்கப் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அவள் பின்பக்கம் வந்தாள். கடைசி இருக்கையில் வெள்ளைப் பலகை மட்டும் கிடந்தது.

எதிர்வீட்டுக்காரர் இருக்கைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். நான் அவசரமாக மாமாவின் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்தது. அக்காவின் கைப்பைக்குள்ளே அடித்தது.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஊரார் வீட்டையெல்லாம் கேட்டவள் தன் வீட்டைக் கேட்கவில்லை. மாடிவீடு ஆச்சா என்று அவளை யார் கேட்பது? கேட்டாலும் ஆச்சு என்று சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் ஒருத்தரையும் பார்க்காமல் முன்னால் நடந்து, ஓட்டுநர் தோளில் கை வைத்து, “வண்டியத் திருப்புப்பா” என்றாள். நான் அவளிடம் கேட்டதிலேயே மெதுவான குரல் அது. திரும்பிப் போன வழி முழுக்க அவள் படிக்கட்டிலேயே நின்றாள். ஒவ்வொரு சிக்னலிலும் கதவைத் திறக்கப் பார்த்தாள். மயக்கம் கியக்கம் வந்திருந்தால்? உதவி என்று கத்தக்கூட அவருக்குக் குரல் வராதே.

கோயிலில் இப்போது கூட்டம் இரண்டு மடங்கு. வாசலிலேயே அவள் விசிலை எடுத்து ஊத, காவலாளி ஓடிவந்து கையைப் பிடித்தார். ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். நான் அந்தக் கச்சேரித் தூண் ஞாபகமாக ஓடினேன், ஆனால் எல்லாத் தூணும் ஒன்று போலவே இருந்தன. எந்தக் கோடி என்றே பிடிபடாமல் சுற்றிச் சுற்றிக் குதிரை வீரனிடமே வந்து சேர்ந்தேன். கடைசியில் அக்காவை இழுத்துக்கொண்டு அறிவிப்பு அறைக்குப் போனேன்.

அங்கிருந்தவர் மாமாவின் பேரைக் கேட்டு, இனிஷியலோடு திருத்தமாக, மரியாதையாக அறிவித்தார். அந்தப் பேரில் அவரை யாரும் கூப்பிட்டதே கிடையாது. ரேஷன் கடையில் கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கமாட்டார். திரும்பவும் அறிவித்தார். ஒருவரும் வரவில்லை.

“குடுங்க” என்று அக்கா மைக்கை வாங்கினாள். மைக் அவளுக்குப் புதுசா? அதில் அதட்டித்தானே வயிறு வளர்க்கிறாள். ஆனால் வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தைதான்.

“என்னங்க.”

அறையின் சன்னல் வழியே மண்டபம் தெரிந்தது. அத்தனை ஆண்களும் ஒருசேரத் திரும்பினார்கள். ஒருவர், “இதோ வந்துட்டேன்” என்று பாதி நடந்தேவிட்டார். பக்கத்திலேயே நின்ற அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அறிவிப்பாளர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

“என்னங்க, நான்தான். நீங்க எங்கயும் அலையாதீங்க. இருக்கிற எடத்துலயே இருங்க. நான் வரேன். ஒரு குரல் மட்டும் குடு—”

அதோடு நின்றுவிட்டாள். சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. மைக்கில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ஊரையே விரட்டுகிற அந்தத் தொண்டை, கெஞ்சியது.

“பேசுங்க. பரவால்ல. ஒரு குரல் குடுங்க.”

மண்டபம் அடங்கிப்போனது. கல்லுக்கும் காது முளைத்தது போல அத்தனை அமைதி. பிறகு ரொம்பத் தூரத்திலிருந்து யாரோ முகம் தெரியாத ஒரு பெண், “இங்க இருக்காராம்” என்றாள். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு ஆள், “இங்க இருக்காராம்மா” என்றார். தூணுக்குத் தூண், ஆளுக்கு ஆள் அது கைமாறி வந்தது. அவர் குரல் எட்டாத தூரத்தையெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் தங்கள் குரலால் எட்டவைத்தார்கள். சன்னல் ஓரம் நின்ற ஒரு சின்னப் பெண் எங்களைப் பார்த்து, “அங்க இருக்காராம் ஆன்ட்டி, வாயத் தொறந்த சாமிகிட்ட” என்றாள்.

அக்கா ஓடினாள். அவள் ஓடுவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருவரைத் தேடி ஓடிப் பார்த்தது அன்றுதான். மாமா அந்தத் தூணின் அடியில், காலை நீட்டி, முதுகைக் கல்லில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தொலைந்துபோன ஆள் மாதிரியே இல்லை.

“இங்க என்ன பண்றீங்க தனியா?”

“பேசிட்டு இருந்தேன்.”

“யார்கிட்ட?”

மாமா தலைக்கு மேலே பாட்டுக்காரனைக் காட்டினார். “இவன்கிட்டதான். நீதான் கேக்க மாட்டேங்கிறியே.”

“தொண்டை, பேசா—” என்று ஆரம்பித்தவள் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

“சேத்து வெச்சு என்ன பண்ணப் போறேன், சொல்லு” என்றார் மாமா.

அவள் உட்கார்ந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கால் மடக்கித் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்படி உட்காருவது என்று மறந்தவள் மாதிரி, தூணைப் பிடித்து மெல்ல இறங்கினாள். நான் நகர்ந்து அடுத்த தூணுக்குப் போனேன். அங்கிருந்தும் கேட்டது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், காது சொன்னபடி கேட்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்கு” என்றார் மாமா.

“எனக்கும்தான். அதான் ஓடிட்டே இருக்கேன்.”

“தெரியும்.”

வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மூலைவீட்டுக்காரர் தேடிவந்து எட்டிப் பார்த்தார். நான் கையைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினேன். அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. மாமா என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். பாட்டுக்காரனுக்கு ஒரு பல் அதிகம் என்பது, நிறுத்தி வைத்த வண்டி, அடுப்படிக் குழாய் ஒழுகுவது. பெரிய விஷயம் ஒன்றுமே இல்லை. குரல் நடுநடுவே உடைந்தது, நின்றது, திரும்ப வந்தது. அவர் நிறுத்தினால் அவள் அவசரப்படுத்தவில்லை. அவருக்குப் பேச்சு தீர்ந்தது.

“என்னங்க” என்றாள்.

“சொல்லு.”

“ஒண்ணுமில்ல.”

விளக்குப் போட ஆள் வந்தார். தூண்களில் ஒவ்வொரு முகமாக வெளிச்சம் ஏறியது.

“என்னங்க.”

“சொல்லும்மா, என்ன?”

“ஒண்ணுமில்லங்க. சும்மா கூப்ட்டேன்.”

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் குரல் கரைந்துவிட்டது. மாமா என்ன என்று கேட்கவில்லை. அவள் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு, “சொல்லு” என்றார். கொஞ்சம் பொறுத்து, அவள் கூப்பிடாமலே, “சொல்லு” என்றார். இன்னொரு தடவை, “சொல்லு” என்றார்.